கிணற்று மேட்டில் நின்ற அண்ணன்

ஆற்றில் இளைஞன் ஒருவன் மூழ்கினான் என்ற செய்தி வந்ததும் ஊர் சொல்லும் முதல் வார்த்தை, "சேர்க்கை சரியில்லை". எனக்கு இதில் உடன்பாடில்லை. 2023 அக்டோபரில் வால்பாறைக்குச் சென்ற கோவைக் கல்லூரி மாணவர் ஐவர் சோலையாற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் யாருடைய சேர்க்கையைக் குறை சொல்வது?

லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாவும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் எளிய விளையாட்டு. நண்பர்கள் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதுவரையிலானவர்களின் துணிச்சல் வெகுவாகக் கூடியது. 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை. நண்பர்கள் தூண்டிவிடக்கூட வேண்டாம், அடுத்த அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்றது 2011இல் வந்த மற்றொரு ஆய்வு.

அப்படியானால் தோட்டத்துக் கிணறுகளில் வளர்ந்த நாங்கள் எப்படிப் பிழைத்தோம்? முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள், இரண்டே கோடையில் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தோம். வகுப்பு நண்பன் குதித்துவிட்டான் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆனால் அங்கே வயது கலந்திருந்தது. மேட்டில் எப்போதும் ஓர் அண்ணன் நிற்பார். எந்தப் பக்கம் பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். (கயிறும் அவர் கையில்தான் இருக்கும்; கெட்ட வார்த்தைகளும் அவரிடம்தான் கற்றோம்.)

ஸ்டைன்பெர்க் குழுவினரே 2016இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். 18 முதல் 22 வயது ஆண்களின் குழுவில் சற்றே மூத்த ஒருவரைச் சேர்த்தால் முடிவுகளில் நிதானம் வருகிறது. தந்தையோ ஆசிரியரோ அல்ல, சில வயதே மூத்தவர்.

பள்ளியும் கல்லூரியும் வயதை வரிசையாகப் பிரித்து உட்காரவைக்கின்றன. நட்பும் அந்த வரிசைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பில்லூர் அணையில் மின்னுற்பத்திக்காக நீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் பவானி திடீரென உயரும். கரையில் துணி துவைப்பவருக்கு இது தெரியும். கோவையிலிருந்து வரும் ஒரே வகுப்பு நண்பர்கள் அத்தனை பேருக்கும் ஒன்றுபோலத் தெரியாது. கல்லூரிகள் இதற்குத் தடைச் சுற்றறிக்கை அனுப்புகின்றன. சுற்றுலாவுக்குக் கிளம்பும் கூட்டத்தில் பழைய மாணவர் ஒருவரைச் சேர்த்தனுப்பும் ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

மழை பெய்த மறுநாள் நாங்கள் கிணற்றுக்கு ஓடினோம். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கலங்கிக் கெடக்குது, நாளைக்குப் பாத்துக்கலாம் கண்ணு" என்றார். முனகிக்கொண்டே சட்டையைப் போட்டுக்கொண்டோம்.