அடையாறு யாருக்கும் தவணை தரவில்லை

2015 டிசம்பரில் சென்னையின் அடையாற்றில் வந்தது நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளமாம். அதனால் இந்தத் தலைமுறைக்கு இனிப் பயமில்லை, கரையோரக் கட்டுமான விதிகளைத் தளர்த்தலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். இது ஆற்றோரம் முடிச்சூரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் குடியிருப்பவர்களின் உயிரைப் பணயம் வைத்துப் போட்ட கணக்கு. கணக்காகவும் தவறு.

நூறாண்டு வெள்ளம் எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு வருஷம் வந்துவிட்டதால் அடுத்த வருஷம் அது குறைவதில்லை. கரையில் வீடு கட்டியவர் தன் 30 வருஷக் கடனை அடைப்பதற்குள் அப்படியொரு வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். பள்ளிப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கைக்கூடப் போடாமல் விதியைத் தளர்த்தச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

அந்த ‘நூறு’ மழைக்குச் சொன்னது. அதை அப்படியே ஆற்றுக்கு மாட்டிவிட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 செ.மீ. காய்ந்த மண்ணில் விழவில்லை. நவம்பரிலேயே நுங்கம்பாக்கத்தில் 105 செ.மீ. பெய்திருந்தது, ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஆற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொண்டது. ஏரிகள் வற்றிய காலத்தில் இதே மழை பெய்திருந்தால் ஆறு இவ்வளவு ஏறியிருக்காது. நிரம்பிய ஏரிகள்மீதும் கான்கிரீட் மூடிய நிலத்திலும் இதைவிடக் குறைந்த மழை பெய்தாலே போதும், அதே வெள்ளம் வரும்.

வெள்ளத்தின் அளவாவது உறுதியானதா? உச்சத்தில் ஆற்றில் இறங்கி யாரும் அளக்க முடியாது. வடிந்த பிறகு சுவர்களில் நிற்கும் சேற்றுக்கோட்டின் மட்டத்தை எடுத்து, ஆற்றின் அகலம், ஆழம், சரிவு, கரையின் சொரசொரப்பு எல்லாம் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். சொரசொரப்பு எண்ணை 0.03 என்பதற்குப் பதில் 0.04 என்று வைத்தாலே ஓட்டம் கால்வாசி குறைந்துவிடும். இப்படிக் கிடைக்கும் சில பத்தாண்டு உச்சங்களைக் கொண்டுதான் நூறாண்டுக்குக் கோடு நீட்டுகிறார்கள். நேர்மையான நீரியலாளர் அதனால்தான் ஒற்றை எண்ணோடு நிற்காமல் மேல்வரம்பும் கீழ்வரம்பும் தருகிறார். அந்த வரம்புகளை மறைத்துவிட்டு நடு எண்ணை மட்டும் காட்டுவது ஏமாற்று.

1976லும் 1985லும் அடையாறு கரை மீறியது. 2015ஐயும் சேர்த்தால், எல்லாம் ஒரே அளவல்ல என்றாலும், நாற்பது ஆண்டுக்குள் குறைந்தது மூன்று முறை. இதைச் சொல்லாமல் நூறாண்டு நிம்மதியை யாருக்கு விற்கிறார்கள்? வெள்ளம் எட்டும் எல்லைக்கோட்டை மேல்வரம்பை வைத்து வரையுங்கள். அதற்குள் ஒரு புது மனைக்கும் அனுமதி தராதீர்கள்.