ஏக்கருக்கு ஐந்து ரூபாய்

மேலூர்ப் பக்கத்து வாய்க்காலில் ஜலம் வந்துவிட்டதென்றால் மதுரைக் கடைத்தெருவில் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. அந்த ஜலம் மலைக்கு மேற்கே ஓடி அரபிக் கடலில் விழ வேண்டியது என்பதை நாம் நினைப்பதில்லை.

1886-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் ஸமஸ்தானம் பிரிட்டிஷ் ஸர்க்காருக்கு 8,000 ஏக்கர் நிலத்தை 999 வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. வாடகை ஏக்கருக்கு ஐந்து ரூபாய். (எழுதியவர்களின் தூரதிருஷ்டியை மெச்சத்தான் வேண்டும்!) பென்னிகுவிக் கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டது.

பின்னர் அந்த ஜலத்தில் மின்சாரமும் எடுக்கச் சென்னை ஸர்க்கார் விரும்பியது, ஸமஸ்தானம் ஆட்சேபித்தது. விவகாரம் மத்தியஸ்தர்களிடம் போயிற்று. அவர்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. 1941-ல் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி, பாசனத்திற்கு மட்டுமே உரிமை என்று தீர்ப்பளித்தார். தோற்றது நம் கட்சிதான். ஆயினும் அத்தீர்ப்பை நாம் குறை கூறமாட்டோம். 1970-ல் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாயிற்று. மீன் பிடிக்கும் உரிமை கேரளத்திற்குச் சென்றது. மின்சாரத்திற்கும் தனியே பணம் கொடுக்க ஒப்புக்கொண்டோம்.

பணத்தில் தீர்ந்த வழக்கு அது. இப்போதுள்ளதோ பயம். 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை அனுமதித்தது. அணை உறுதியாயிருக்கிறது என்பதே நம் அபிப்பிராயமும். ஆனால் அடைமழை இரவில் அணைக்குக் கீழே, வண்டிப்பெரியாற்றில், குழந்தைகளை அணைத்துக்கொண்டு விழித்திருக்கும் தாயிடம் கோர்ட் தீர்ப்பைப் படித்துக் காட்டிப் பிரயோஜனம் என்ன? அணையின் அளவுகளை அவளுக்குப் புரியும் மலையாளத்தில் தினந்தோறும் நாமே சொல்லி வரலாம். அதற்கு ஒப்பந்தம் எதுவும் வேண்டியதில்லை.