கரும்பலகைக்கு இருந்த மறதி

சீனாவின் ஹாங்சோ நகரத்தில் 11-ஆம் எண் பள்ளி என்று ஒன்று உண்டு. 2018-இல் அங்கே ஒரு வகுப்பறையில், கரும்பலகைக்கு மேலே மூன்று கேமராக்களைப் பொருத்தினார்கள். 30 விநாடிக்கு ஒருமுறை அவை வகுப்பை மேய்ந்து வரும். பையன் படிக்கிறானா, எழுதுகிறானா, கேட்கிறானா, கை தூக்குகிறானா, எழுந்து நிற்கிறானா, மேசையில் தலை சாய்த்துவிட்டானா என்று ஆறு வகையாகப் பிரிக்கும். முகத்தைப் பார்த்து மகிழ்ச்சி, வருத்தம், கோபம் என்றும் கணக்கெடுக்கும். கவன மதிப்பெண் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஆசிரியருக்குத் தகவல் போய்விடும்.

செய்தி வெளியானதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, அந்தப் படங்கள் எங்கே போகின்றன என்பதுதான். பள்ளியிடம் பதில் தயாராக இருந்தது. படங்களைச் சேமிப்பதில்லை, மதிப்பெண்ணை மட்டுமே வைத்துக்கொள்கிறோம், அதுவும் பள்ளியின் சொந்த சர்வரில்தான் என்றார்கள். அந்தரங்கம் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதும் இதைத்தான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவன் மனதுக்குள் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கலாம். கண் கொட்டாமல் பலகையைப் பார்க்கிறவன் மதியச் சாப்பாட்டுக்கு முட்டை உண்டா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். முகத்துக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்த மறுநாளே பிள்ளைகள் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளப் பழகிவிடுவார்கள். கணக்கு வருகிறதோ இல்லையோ, நடிப்பு வந்துவிடும். படம் அழிந்துவிட்டதா என்பது இரண்டாவது கேள்வி. அந்த எந்திரத்திடம் நாம் எதைக் கேட்டோம் என்பதுதான் முதல் கேள்வி. ‘எவன் கவனிக்கவில்லை’ என்று கேட்டால் அது எல்லோரையும் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். ‘இன்றைய பாடத்தில் எது புரியவில்லை’ என்று கேட்டால் அதற்கு ஒரு முகமும் தேவைப்படாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், கல்வி நிலையங்களில் முகபாவத்தை வைத்து மனநிலையைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு அல்லாமல், தடை செய்துவிட்டது. நல்ல காரியம்.

‘எது புரியவில்லை’ என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்கிற சாதனமும் இருக்கிறது. பிளிக்கர்ஸ் என்று பெயர். பிள்ளைகள் கையில் ஒரு மின்சாதனமும் கிடையாது, ஆளுக்கு ஓர் அச்சிட்ட அட்டைதான். அட்டையின் நடுவில் க்யூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு உருவம்; அட்டைக்கு அட்டை வேறுபடும். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். ‘மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா’ என்று டீச்சர் கேட்கிறார். பிள்ளைகள் தாங்கள் நினைக்கும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். டீச்சர் தன் செல்போனை வகுப்பின் குறுக்கே ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறார். யார் எந்த விடை என்பது திரையில் வந்துவிடுகிறது. நான்கு மூன்றைவிடப் பெரியது, ஆகவே நான்கில் ஒரு பங்குதான் பெரியது என்று பாதி வகுப்பு நம்பிக்கொண்டிருப்பது அந்த நிமிடமே தெரிந்துபோகும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பொடி எழுத்துதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனால் அதைப் படிக்க முடியாது. தப்பான விடை சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம் இல்லாமல் கூச்சப்படும் பிள்ளையும் அட்டையைத் தூக்கலாம். மாணவர் அந்தரங்கம் என்றதும் நமக்குக் கம்பெனியும் ஹேக்கரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கோ பக்கத்து பெஞ்சுக்காரன்தான் பெரிய ஆபத்து. செயலியில் பெயரை எழுதுகிற இடத்தில் அட்டை எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும்.

அட்டை போதுமா, ஆளுக்கொரு கருவி வேண்டாமா என்றால் அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991-இல் ஒரு முறையைத் தொடங்கினார். கேள்வி கேட்பது, பிள்ளைகள் விடையைத் தேர்ந்தெடுப்பது, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடுவது, மறுபடி விடை சொல்வது. கனடாவின் மாண்ட்ரியலில் நதானியேல் லாஸ்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் இதே முறையை ஒரு வகுப்பில் பொத்தான் கருவிகளோடும் இன்னொன்றில் வெறும் அட்டைகளோடும் நடத்திப் பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார். கற்றதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பலன் கேள்வியிலும் அந்த வாதத்திலும் இருந்திருக்கிறது.

ஒரு கல்விக் கண்காட்சியில் ஸ்மார்ட் போர்டு விற்கிற இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தி வைத்துக் காட்டினார். திரையில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று. “டிசி வாங்கிட்டுப் போற பையனோட விவரத்தை இதுல எப்படித் தம்பி அழிக்கிறது?” என்றேன். “எதுக்கு சார் அழிக்கணும்? பத்து வருஷம் கழிச்சுக்கூட எடுத்துப் பார்க்கலாம்” என்றார், அதையே ஒரு வசதியாக. ஏழாம் வகுப்பில் நான் எடுத்த கணக்கு மதிப்பெண்ணை யாராவது இப்போது எடுத்துப் பார்த்தால் இந்தப் பக்கத்தை எனக்குத் தந்திருப்பார்களா தெரியாது.

கரும்பலகையில் என்ன தப்பு எழுதினாலும் மணி அடித்தால் டஸ்டர் வந்து துடைத்துவிடும். அந்த மறதியை நாம்தான் புதுப் பலகைக்குள் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பிள்ளைக்குப் பின்னம் வரவில்லை என்று வகுப்பாசிரியருக்குப் பெயரோடு தெரியத்தான் வேண்டும். இல்லாவிட்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பது எப்படி? அந்தப் பெயர் பருவத் தேர்வு வரை இருந்தால் போதும். தலைமையாசிரியருக்கு எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பது போதும். மாவட்ட அலுவலகத்துக்கு எந்தப் பள்ளி என்பது போதும். தகவல் மேலே போகப் போகப் பெயர் உதிர்ந்துகொண்டே போக வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ்: பெயர், பிறந்த தேதி, செல்போன் எண் எல்லாம் நேராகத் தலைநகரத்து சர்வருக்குப் போகின்றன. பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது மட்டும் வகுப்பாசிரியருக்குத் தெரிவதில்லை.

போன தகவல் அங்கே பத்திரமாக இருக்கிறதா? 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகும் க்யூஆர் கோடுகள் மூலம் நமக்குப் பழக்கமானது மத்திய அரசின் திக்‌ஷா தளம். அதன் சேமிப்புக் கிடங்கு ஒன்று பூட்டில்லாமல் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் வெளிவந்தது. 10 லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல். ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி, படித்த பாடங்களின் விவரம். பாடம் நடத்த வந்த தளத்துக்கு இத்தனையும் எதற்கு? வாங்காத தகவலை யாராலும் திருட முடியாது.

இதற்கெல்லாம் பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்பார்கள். ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ ஊரின் உயர்நிலைப் பள்ளி ஒன்று, 22 மாணவர்களுக்கு முகத்தைப் பார்த்து வருகை போடும் முறையைச் சோதித்துப் பார்த்தது. மூன்று வாரம்தான், சம்மதமும் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் 2019-இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனா அபராதம் போட்டது. பிள்ளை பள்ளியை நம்பி இருக்கும் இடத்தில் அதைச் சுதந்திரமான சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, வருகைப் பதிவை இவ்வளவு ஊடுருவாமலும் செய்யலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் ஊரில் ‘முடியாது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பிள்ளையை அதே பள்ளிக்கு நிம்மதியாக அனுப்பும் பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நம் சட்டமும் வந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கண்காணிப்பதையும் அவர்களுக்கென்று குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்விப் பணிக்கும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் என்றால் பள்ளிகள் கண்காணிக்கலாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டன. கல்விப் பணி என்ற சொல்லுக்குள் ஹாங்சோவின் மூன்று கேமராக்களையும் தாராளமாக உட்கார வைக்கலாம். முகத்தைப் பார்ப்பதும் பாதுகாப்புக்குத்தான் என்று யாராவது ஒருவர் சொல்லாமலா இருக்கப் போகிறார்?

ஆக, சட்டம் விட்ட இடத்தைச் சாதனத்தை வாங்கும்போதுதான் அடைக்க முடியும். ஒப்பந்தப்புள்ளியில் திரை எத்தனை அங்குலம், ராம் எத்தனை ஜிபி, வாரண்டி எத்தனை வருடம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். கேமராவுக்குக் கையால் மூடுகிற மூடி உண்டா, இணையம் இல்லாமல் பள்ளிக்குள்ளேயே ஓடுமா, ஒரு மாணவரின் பதிவை அழிக்க எத்தனை நிமிடம் ஆகும், ஒப்பந்தம் முடிந்தால் தகவல் யாரிடம் இருக்கும் என்று நான்கு வரி சேர்க்க எந்தச் செலவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; அந்தக் காகிதத்தைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். விலை பேசும்போதே கேட்டால் கம்பெனிக்காரர் செய்து தருவார். பணம் கைமாறிய பிறகு கேட்டால், அது அடுத்த வெர்ஷனில் வரும் சார் என்பார்.