'வேண்டாம்' என்றால் நிறுத்த வேண்டும்

செல்போனில் நாளெல்லாம் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஜவுளித் தள்ளுபடி, மனை விற்பனை, உடனடிக் கடன் என்று ஓயாத விளம்பரம். சம்பளம் பாங்கியில் ஏறிய தகவலும், ஊருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்த தகவலும் இவற்றுக்கு நடுவில்தான் வருகின்றன. குப்பையோடு குப்பையாக அவற்றையும் அழித்துவிட்டால் தவிப்பவன் தொழிலாளிதான். எனவே இதைச் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. 'டிராய்' எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விதிகளின்படி, 1909 என்ற எண்ணுக்குப் போன் செய்தோ, ஆங்கில எழுத்தில் 'ஸ்டார்ட் 0' என்று செய்தி அனுப்பியோ விளம்பரங்களைத் தடுக்கலாம். அப்படிச் செய்தால் பாங்கிச் செய்தியும் நின்றுவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. ஓ.டி.பி., கணக்கில் பணம் வந்து போகும் தகவல் ஆகியவை நிற்பதில்லை.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. கடையில் பில் போடும்போதோ, விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போதோ நாமே சம்மதம் கொடுத்திருந்தால், 1909-ல் பதிவு செய்த பிறகும் அந்த நிறுவனம் செய்தி அனுப்பலாம். அந்தச் சம்மதத்தைத் தனியாகத் திரும்பப் பெற வேண்டும்.

2025 பிப்ரவரியில் வந்த திருத்தம் இதற்கு ஓரளவு பரிகாரம் தேடியுள்ளது. விளம்பரச் செய்தியிலேயே 'வேண்டாம்' என்று சொல்ல வழி தர வேண்டும். அப்படிச் சொன்னவரிடம் 90 நாட்களுக்கு மீண்டும் சம்மதம் கேட்கக் கூடாது. தொல்லை வந்தால் 7 நாட்களுக்குள் புகார் செய்யலாம். இது வரவேற்கத்தக்கது.

விதி இருந்தால் மட்டும் போதாது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நடப்பதோ வேறு. சம்மதம் வாங்க ஒரு கையெழுத்து போதும். விலகும் வழியோ செய்தியின் கடைசியில், படிக்கத் தெரியாத மொழியில் கிடக்கிறது. வெளிமாநிலத்தில் பிழைக்க வந்தவனுக்கு அது இருந்தும் இல்லாததுதான். பெறுபவரின் மொழியில் அதைச் சொல்வது நிறுவனங்களின் கடமை.

இன்னொன்று. விளம்பரம் வேண்டாம் என்றவர் வாடிக்கையாளராகவோ உறுப்பினராகவோ இருப்பதை விட்டுவிடவில்லை. தவணைத் தேதி, கூட்ட அறிவிப்பு போன்ற அவசியத் தகவல் அவருக்குப் போயாக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் வைக்காத அலுவலகம், ஒன்று தொல்லை தரும். அல்லது தகவலையே மறைத்துவிடும். ஒரு கிளையில் நீக்கிய நம்பருக்கு இன்னொரு கிளை செய்தி அனுப்புவதும் கூடாது.

இந்தப் பட்டியல்களை எழுதிப் பராமரிக்கும் குமாஸ்தாக்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 'வேண்டாம்' என்று வந்த நம்பரை அன்றைக்கே குறித்து வைப்பது சிறிய வேலைதான். ஆனால் அதில் ஒருவருடைய உரிமை அடங்கியிருக்கிறது.

வாசகர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தெரியாத இடத்திலிருந்து வரும் செய்தியில், 'நிறுத்த இங்கே தொடுங்கள்' என்று இருந்தால் தொடாதீர்கள். 1909-ல் புகார் செய்யுங்கள். புகார் குவிந்தால்தான் விதிக்கு உயிர் வரும்.