அடக்கம் அல்ல, பயம்

என்னோடு வேலை பார்த்த நண்பர் முப்பது வருடம் டைரிகளில் கவிதை எழுதினார். யாராவது சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரிடமும் காட்டவில்லை. அவர் காலமான மறுமாதமே டைரிகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. இதை அடக்கம் என்று புகழ்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். இது பயம்தான்.

அந்தக் காலத்தில் நூல் எழுதியவர் அதை அவையில் அரங்கேற்ற வேண்டும். குற்றம் சொல்பவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பயம் அன்றும் இருந்தது. இல்லாவிட்டால் வள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே, 73-ஆவது, எழுதியிருப்பாரா?

மேலதிகாரிகளிடம் எத்தனை திட்டு வாங்கினோம்! வாசகர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் உயிரா போய்விடும்? முதலில் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு நாலு பேருக்குக் கொடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டுமே! சிரிப்பவர் படித்துவிட்டுத்தான் சிரிப்பார். எடைக்குப் போட்டவர் படிக்கவே இல்லையே.