ஆங்கிலம் அறிவோம்: மகன் ஒருவரா, மூவரா?



திருச்சி பாலக்கரையைச் சேர்ந்த விதவைத் தாயார் ஒருவர், மறைந்த கணவரின் வைப்புத் தொகை தொடர்பாக வங்கிக்கு அளித்த ஆங்கிலக் கடிதம் அண்மையில் என் பார்வைக்கு வந்தது. அதில் இருந்த ஒரு வரி: 'மை சன், ஹூ லிவ்ஸ் இன் ஸ்ரீரங்கம், வில் சைன் ஆன் மை பிஹாஃப்.' இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் கடிதம் திரும்பி வந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழில் மகன்கள் மூவர். கடிதமோ ஒரே மகன் என்கிறது!

அவ்வாறு சொன்னவை அந்த இரண்டு காற்புள்ளிகளே. அவற்றுக்கு இடைப்பட்ட சொற்கள் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் போன்றவை; நீக்கிவிட்டாலும் 'என் மகன் கையொப்பமிடுவார்' என்ற செய்தி நிற்கும். எந்த மகன் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இரண்டையும் எடுத்துவிட்டால், 'மகன்களுள் ஸ்ரீரங்கத்தில் வசிப்பவர்' என்று பொருள் சரியாக அமையும்.

நாம் இதில் தடுமாறக் காரணம் உண்டு. 'ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் என் மகன்' என்ற தமிழ்த் தொடர் ஒரு மகனுக்கும் பொருந்தும், மூவருள் ஒருவருக்கும் பொருந்தும். ஆகவே ஆங்கிலத்திலும் மூச்சு விடும் இடத்தில் கமா இட்டுவிடுகிறோம். பள்ளியில் கற்ற அந்த விதி பாதி உண்மைதான்.

நிறுத்தும் இடம் பொருளைத் தீர்மானிக்கும் என்பது திருக்குர்ஆன் ஓதும் நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. 'மீம்' கண்டால் நிறுத்துகிறார்கள். 'லா' கண்டால் நிறுத்தாமல் செல்கிறார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 2-ஆம் வசனத்தில் அருகருகே உள்ள இரு முப்புள்ளிகளுள் ஒன்றில் நிறுத்தினால் மற்றதில் நிறுத்தலாகாது என்பதையும் உஸ்தாத் சொல்லித் தந்திருப்பார்.

நீதிமன்றமும் காற்புள்ளியைக் கவனித்ததுண்டு. மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லை. எனவே, விற்பனைக்காக இருப்பு வைப்பதே குற்றம், வெறுமனே வைத்திருப்பது அன்று என 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறிக்குச் சிறிய இடமே உண்டு என்று அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் 1952-இல் கூறியிருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தாயாரின் கடிதம் கமாக்கள் இன்றி மீண்டும் எழுதப்பட்டது. மகனின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். பெயர் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை அல்லவா? அரைப்புள்ளியைப் பற்றி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.