வாசிக்கப்படாத பதின்மூன்றாம் அதிகாரம்

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரிடையே (இப்பெயர் மலையில் வாழ்வோரைக் குறிக்கிறதேயன்றிக் கேரளத்தாரை அன்று) மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுப்பதும், கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதும், ஒத்துப்போகாத மணத்தை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துக்கொள்வதும் மரபில் இடம்பெற்றவை. அம்மரபு பெண்ணை அடி உதையிலிருந்து காத்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பரிசம் கொடுத்தவன் அவளைத் தன் உடைமையாகக் கருதவும், பள்ளி செல்லும் வயதில் அவள் கழுத்தில் தாலி ஏறவும் அதே மரபு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் வெளியேற ஒரு வாசலையாவது அது விட்டுவைத்தது. அந்த வாசலை அடைத்து, சிலுவையைச் சுமப்பதுபோல் கணவனின் அடியையும் சுமக்கவேண்டும் என்னும் போதனை மலையேறுமானால், அதற்கு நற்செய்தி என்ற பெயர் பொருந்தாது.

அத்தகைய போதனை பெரும்பாலும் எபேசியர் நிருபம் 5ஆம் அதிகாரம் 22ஆம் வசனத்தையே துணைக்கு அழைக்கிறது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று அவ்வசனம் கூறுவது உண்மையே; ஆயினும் 4ஆம் நூற்றாண்டின் வத்திக்கான் ஏடு உள்ளிட்ட மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகள் சிலவற்றில் அவ்வசனத்தில் ‘கீழ்ப்படிதல்’ என்னும் வினைச்சொல்லே இல்லை. ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருக்கச் சொல்லும் 21ஆம் வசனத்திலிருந்துதான் அது தன் வினையைக் கடன்வாங்குகிறது. இலக்கணம் சேர்த்துவைத்த இரண்டையும் பல அச்சுப் பதிப்புகள் நடுவில் ஓர் உபதலைப்பை இட்டுப் பிரித்துவிட்டன. 1 கொரிந்தியர் 7:4க்கும் இதே கதிதான்: மனைவியின் உடல்மீது கணவனுக்கு அதிகாரம் உண்டு என்ற முற்பாதி நினைவில் நிற்க, கணவனின் உடல்மீது மனைவிக்கும் அவ்வாறே அதிகாரம் உண்டு என்ற பிற்பாதி பேச்சில் வருவதேயில்லை.

கருத்தடையை மறுத்த சுற்றுமடல் என்றே அறியப்படும் திருத்தந்தை ஆறாம் பவுலின் ‘மனித உயிர்’ (1968), துணையின் நிலையையும் விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் திணிக்கப்படும் உறவு அன்பின் செயலாகாது என்று 13ஆம் பத்தியில் கூறுகிறது. பாலுறவில் அடிபணிய வைக்கும் எவ்வடிவமும் தள்ளப்படவேண்டும் என்று, எபேசியர் வசனத்தின் தவறான விளக்கங்களையும் சேர்த்தே சுட்டி, 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்தினால் அதை வன்புணர்வாகக் கருதாத விதிவிலக்கைப் பாரதிய நியாய சன்ஹிதா இன்றும் வைத்திருக்கும் நிலையில், நாட்டின் சட்டத்தைவிடத் திருச்சபையின் ஏடு முன்னே நிற்கிறது. அந்த ஏடு பிரசங்க பீடம் வந்து சேராததே குறை.

அப்பீடம் வந்து சேராத விவிலியப் பக்கமும் ஒன்று உண்டு. 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமார், தன்னைப் பற்றிப் பிடித்த அண்ணன் அம்னோனிடம் வேண்டாம் என்று வாய்விட்டு மறுக்கிறாள், காரணம் சொல்லி வாதாடுகிறாள். அவன் வன்புணர்ந்தபின் வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் செய்கிறான். சாம்பலைத் தலையில் இட்டு, அங்கியைக் கிழித்து, கூக்குரலிட்டுச் சென்றவளிடம் உடன்பிறந்த அப்சலோம் பேசாதிரு என்கிறான். தகப்பனான அரசன் கோபப்படுகிறான், ஆனால் தண்டிப்பதில்லை. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், இதே மலையாளி இனத்துப் பெண்கள் 18 பேர் 1992 ஜூன் 20 அன்று அரசுச் சீருடை அணிந்தவர்களால் சீரழிக்கப்பட்டபோதும் பேசாதிரு என்பதே முதலில் கிடைத்த பதில். அவர்கள் பேசினார்கள், 2011 செப்டம்பர் 29 வரை விடாமல் பேசித் தீர்ப்பைப் பெற்றார்கள்.

கத்தோலிக்கத் திருப்பலியின் வாசக வரிசையோ, வாரநாள்களிலும்கூட, 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்திலிருந்து நேரே 15ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ பெண்கள் கூடும் ஒரு ஜெபக்கூட்டத்தில் இடையில் விடுபட்ட அந்தப் பதின்மூன்றாம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்து, அம்னோனின் கதவைப் பற்றியும் அப்சலோமின் அறிவுரையைப் பற்றியும் அவர்களைப் பேசவிடுவதற்கு எந்த ஆயரின் அனுமதியும் தேவையில்லை.